ஏற்காட்டுல கடிகாரம் வேகமா ஓடுமா? கணக்கும் அர்த்தமும் சேர்ந்து நடக்குற ஃபிசிக்ஸ்

போன மாசம் என் அக்கா பையன், பி.எஸ்சி ஃபிசிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறவன், நோட்டோட வந்து உக்காந்தான். "மாமா, ஷ்ரோடிங்கர் ஈக்வேஷன் சம் எல்லாம் போட்டுருவேன், ஆன்சர் கரெக்டா வருது, மார்க்கும் வருது, ஆனா அந்த சை-ன்னு எழுதுறோமே அது என்னன்னு யாராவது கேட்டா எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல"ன்னான். (அணு, எலக்ட்ரான் மாதிரி குட்டித் துகளுக்குப் போடுற குவாண்டம் கணக்கோட ஈக்வேஷன் அது, சை அதுல வர்ற ஒரு எழுத்து.) அதே வாரம் ஏற்காட்டுல டீக்கடை வச்சிருக்க ஒரு அண்ணன், ராத்திரி கடை சாத்துனதும் ஃபோன்ல சயின்ஸ் வீடியோவா பாக்குறவரு, "தம்பி, நாம பாக்குறதாலதான் எலக்ட்ரானே ஒரு எடத்துல வந்து நிக்குதாமே, அப்போ மனசுதான் உலகத்த உண்டாக்குதா?"ன்னு ஃபோன்ல கேட்டாரு. ரெண்டு பேரும் உண்மையான ஆர்வத்துல கேக்குறாங்க. ஒருத்தன்கிட்ட கணக்கு இருக்கு, அர்த்தம் இல்ல. இன்னொருத்தர்கிட்ட அர்த்தம் ஏராளமா இருக்கு, அதைப் புடிச்சு நிறுத்த கணக்கு இல்ல. நான் சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் வருஷக்கணக்கா ஃபிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன், இந்த ரெண்டு வகை ஆளுங்களையும் தினமும் பாக்குறேன், அதனால அந்த ஞாயித்துக்கிழமை பையன பைக்ல ஏத்திக்கிட்டு ஏற்காடு போயி, அண்ணன் கடையிலேயே உக்காந்து மூணு பேரும் பேசுனோம். அதைத்தான் இங்க எழுதுறேன், பத்தாங்கிளாஸ் கணக்கு தெரிஞ்சா போதும்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்துல வண்டிய நிறுத்திட்டு அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். இங்க ஒரு கடிகாரம், மேல ஏரிக்கரையில ஒரு கடிகாரம், ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே தரம், எது வேகமா ஓடும்? கிராவிட்டியப் பத்தின ஐன்ஸ்டீனோட தியரி, ஜெனரல் ரிலேட்டிவிட்டி, சொல்ற பதில், மேல இருக்குறதுதான். எவ்ளோ வேகம்னா அதுக்கு ஒரு குட்டி ஃபார்முலா இருக்கு: ஜி-ய (பூமி இழுக்குற இழுப்போட அளவு, 9.8) உயர வித்தியாசத்தால பெருக்கி, ஒளியோட வேகத்தோட ஸ்கொயரால வகுக்கணும், அவ்ளோதான். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர், வித்தியாசம் ரவுண்டா 1200 மீட்டர்னு வச்சுக்குவோம். 9.8-ஐ 1200-ஆல பெருக்குனா 11760. ஒளி ஒரு செகண்டுக்கு 30 கோடி மீட்டர் போகுது, அதோட ஸ்கொயர் 9-க்கு பின்னாடி 16 சைபர். வகுத்தா கிட்டத்தட்ட ஏழரை லட்சம் கோடியில ஒரு பங்கு வருது. ஒரு நாளைக்கு 86400 செகண்ட், அதால பெருக்குனா சுமார் 11 நானோ செகண்ட், அதாவது ஒரு செகண்ட நூறு கோடியா பிரிச்சா அதுல 11 பங்கு. நூறு வருஷம் ஏற்காட்டுலயே கடிகாரம் கெடந்தாலும் அரை மில்லி செகண்ட் கூட முந்தாது.

கணக்கு முடிஞ்சுது, பையனும் நோட்டுல ஆன்சருக்கு கீழ ரெண்டு கோடு போட்டுட்டான். சரி, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். "மேல கிராவிட்டி கம்மி மாமா, அதனால டைம் ஃபாஸ்ட்டா போகுது"ன்னான். பல பேர் சொல்ற பதில் இது, நானும் ரொம்ப வருஷம் டியூஷன்ல இப்படியேதான் சொல்லிக் குடுத்தேன், அதை நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு, ஏன்னா அது தப்பு. தப்புன்னு கண்டுபிடிக்க பெரிய புக்கு எதுவும் வேணாம், இப்ப போட்ட கணக்கையே இன்னொரு தடவ உத்துப் பாத்தா போதும். மேல ஜி எவ்ளோ, கீழ ஜி எவ்ளோன்னு கழிச்சுப் பாக்குற வேலை அந்த ஃபார்முலாவுல எங்கயாவது இருக்கா? இல்லவே இல்ல. ஒரே ஒரு ஜி தான், அதை உயரத்தால பெருக்குறோம். ஏற்காட்டுல ஜி கொறையுறது வெறும் 0.04 சதவீதம்தான், அது கொஞ்சம் கூட கொறையாம மேலயும் கீழயும் ஒரே ஜி இருந்தாக்கூட அந்த 11 நானோ செகண்ட் அப்படியே வரும். இன்னொண்ணும் பாருங்க, பூமியோட நடு மையத்துல எல்லாப் பக்கமும் சமமா இழுக்குறதால ஜி பூஜ்ஜியம், கிராவிட்டி கம்மின்னா டைம் ஃபாஸ்ட்டுங்குற கதைப்படி அங்க கடிகாரம் பறக்கணும், ஆனா கணக்குப்படி தரையில இருக்குறத விட அங்கதான் மெதுவா ஓடும்.

அப்ப எதைப் பாக்கணும்? பொட்டன்ஷியல்னு ஒண்ணு. ஒரு கிலோ சாமான கீழ இருந்து மேல தூக்கிட்டுப் போக எவ்ளோ எனர்ஜி செலவாகுதுங்குற விஷயம். அடிவாரம் வழியா 20 கொண்டை ஊசி வளைவுல சுத்திப் போனாலும் சரி, குப்பனூர் ரோட்டுல போனாலும் சரி, பெட்ரோல் செலவு மாறலாம், ஆனா கிராவிட்டிய எதிர்த்து ஏறுன கணக்கு ஒண்ணுதான், ஏன்னா அது உயரத்த மட்டும்தான் பாக்கும். கடிகாரத்தோட வேகமும் அதே மாதிரி ஏறுன உயரத்தத்தான் கேக்குது. இதைக் கணக்கே நமக்குச் சொல்லிக் குடுக்குது, நாமதான் அவசரப்பட்டு வேற கதை கட்டிட்டோம்.

சரி, இது வெறும் பேப்பர் கணக்கா, ஏன் இப்படி வரணும்? இதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு, ரெண்டும் நல்ல விளக்கம். முதல் விளக்கம்: கீழ இருந்து மேல ஒரு லைட் அடிக்கிறோம். கல்ல மேல எறிஞ்சா வேகம் கொறையும், ஒளிக்கு வேகம் கொறையாது, அதனால அது எனர்ஜிய இழக்குது. 1900-ல மேக்ஸ் பிளாங்க் கொண்டு வந்த உறவுப்படி எனர்ஜி கொறஞ்சா ஃப்ரீக்வென்சியும், அதாவது செகண்டுக்கு எத்தன அலைங்குறதும், கொறையணும், கொறையுற பங்கு அதே ஜி பெருக்கல் உயரம் வகுத்தல் சி ஸ்கொயர் (சி-ன்னா ஒளியோட வேகம்). ரெண்டாவது விளக்கம்: கீழ இருக்குறவன் அவன் கடிகாரத்துப்படி ஒரு செகண்டுக்கு இத்தன அலைன்னு அனுப்பிக்கிட்டே இருக்கான், மேல இருக்குறவனுக்கு அவன் செகண்டுக்கு கொஞ்சம் கம்மியா வந்து சேருது. மாசக்கணக்கா இப்படியே நடக்குது. நடுவுல பத்தாவது வளைவுல அலைங்க எதுவும் கீழ விழுந்துடல, எங்கயும் தேங்கி நிக்கவும் இல்ல, அப்போ கீழ இருக்குறவனோட ஒரு செகண்ட் மேல இருக்குறவனோட ஒரு செகண்ட விட நீளமா இருந்தாத்தான் இது நடக்கும்.

இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். நல்லா படிக்கிற பசங்க சில பேர் என்ன பண்ணுவாங்கன்னா, ஒளியும் எனர்ஜி இழக்குது, கடிகாரமும் வேற வேகத்துல ஓடுது, அப்போ ரெண்டையும் கூட்டணும்னு டபுளா போட்டுருவாங்க. 1960-ல ஹார்வர்ட்ல பவுண்ட், ரெப்கான்னு ரெண்டு பேர் ஒரு கட்டடத்துக்குள்ள வெறும் 22.5 மீட்டர் உயரத்துல காமா கதிர (அதுவும் ஒளி வகைதான்) வச்சு இதை அளந்து காட்டுனாங்க, ஒரு மடங்குதான் வந்துச்சு, ரெண்டு மடங்கு வரல. அப்போ ஒளி களைச்சுப் போச்சுங்குறதும் கடிகாரம் மாறுச்சுங்குறதும் ஒரே நடப்ப ரெண்டு விதமா சொல்றது. ஒரே ஊர்ல நடந்த கல்யாணத்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரியும் பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரியும் சொல்றதால ரெண்டு கல்யாணம் நடந்துச்சுன்னு ஆகாதுல்ல. விளக்கத்த எத்தன தடவ எண்ணலாம்னு முடிவு பண்றது கணக்கும் அளவையும்தான். (உங்க ஃபோன்ல மேப் பாக்குறீங்களே அதுக்கு வேலை செய்யுற ஜிபிஎஸ் சாட்டிலைட் கடிகாரம் தரையில இருக்குறத விட நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்தும், உயரத்தால 45 கூடுது, வேகத்தால 7 கொறையுது, அதைச் சரி பண்ணித்தான் ஓட்டுறாங்க.)

இதுவரைக்கும் கணக்கு அர்த்தத்த திருத்துன கதை. தலைகீழாவும் நடக்கும், கணக்கு முழுசா கையில இருந்தும் அர்த்தம் இல்லாம நின்னுபோன கதை. லோரன்ட்ஸ்னு நெதர்லாந்துக்காரர், பெரிய மேதை, ஓடுற பொருளுக்கு நீளமும் நேரமும் எப்படி மாத்தி எழுதணும்னு ஃபார்முலாவ 1904-லயே போட்டு வச்சுட்டாரு. அதுல வர்ற ஒரு நேரத்துக்கு லோக்கல் டைம்னு பேரும் வச்சிருந்தாரு, ஆனா அது கணக்கு போட வசதிக்கான நேரம், நெஜ நேரம் வேற ஒண்ணு தனியா இருக்குன்னு நெனச்சாரு. 1905-ல ஐன்ஸ்டீன் எழுதுனதுலயும் அதே ஃபார்முலாதான் இருக்கு, ஆனா அவரு அந்த லோக்கல் டைம்தான் டைம், கடிகாரம் காட்டுறது அதைத்தான், அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்க வேற நெஜ நேரம் எதுவும் இல்லைன்னு சொன்னாரு. இப்படி அர்த்தம் மாறுனதாலதான் பத்து வருஷம் கழிச்சு 1915-ல ஜெனரல் ரிலேட்டிவிட்டிக்கே வழி தெறந்துச்சு, நம்ம ஏற்காடு கடிகாரக் கணக்கும் அதுல இருந்துதான் வருது. விளக்கம்ங்குறது கணக்கு முடிஞ்ச பிறகு மேல போடுற அலங்காரம்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

மேல போய்ச் சேர்ந்தப்ப பத்தரை மணி, பனி இன்னும் முழுசா விலகல. அண்ணன் டீ போட்டுக் குடுத்துட்டு அவரு கேள்விய மறுபடி எடுத்தாரு, நாம பாக்குறதாலதான் எலக்ட்ரான் இருக்குதான்னு. "அண்ணா, மொதல்ல ஒரு சின்ன கூட்டல் கழித்தல் போட்டுருவோம்"ன்னேன். ரெண்டு சின்ன ஓட்டை இருக்க ஒரு தகடு, பின்னாடி ஒரு திரை, எலக்ட்ரான ஒண்ணொண்ணா விடுறோம். குவாண்டம் கணக்குல ஒவ்வொரு வழிக்கும் ஒரு நம்பர் இருக்கு, அதுக்கு ஆம்ப்ளிட்யூடுன்னு பேரு, அது பிளஸ்ஸாவும் இருக்கலாம் மைனஸாவும் இருக்கலாம். விதி இதுதான்: எலக்ட்ரான் எந்த ஓட்டை வழியா போச்சுங்குற தடயம் எங்கயும் பதியலன்னா மொதல்ல கூட்டு, அப்புறம் ஸ்கொயர் பண்ணு. தடயம் பதிஞ்சிருந்தா மொதல்ல தனித்தனியா ஸ்கொயர் பண்ணு, அப்புறம் கூட்டு. ரெண்டு வழிக்கும் ஆளுக்கு 1-னு வச்சுக்கிட்டா, தடயம் இல்லாதப்ப திரையில சில எடத்துல 1-ம் 1-ம் சேந்து 2, ஸ்கொயர் பண்ணா 4. சில எடத்துல 1-ம் மைனஸ் 1-ம் சேந்து 0. அதனால கோடு கோடா வரும். தடயம் இருந்தா எல்லா எடத்துலயும் 1-ம் 1-ம் 2, கோடே இருக்காது. 4, 0, 2 இந்த மூணு நம்பர்லயே அந்த வீடியோ எல்லாம் அடங்கிருச்சு.

"இப்ப சொல்லுங்கண்ணா, இந்த விதியில மனசு எங்க வருது?"ன்னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "தடயம்னுதான் இருக்கு"ன்னாரு. அதேதான். ஒரு காத்து அணு மேல பட்டு அதோட பாதை மாறுனாலே அது தடயம். யாரும் பாக்க வேணாம், ரூம்ல ஆளே இருக்க வேணாம், கோடு மறைஞ்சிரும். பாக்குறதுன்னு இங்கிலீஷ்காரங்க போட்ட ஒரு வார்த்தை நம்ம ஊரு வீடியோவுக்குள்ள வர்றப்ப கண்ணா மாறி, கண்ணு மனசா மாறி, மனசு கடைசில உலகத்தையே படைக்க ஆரம்பிச்சுருச்சு. ஆனா அண்ணன் கேட்டதுல ஒரு ஞாயம் இருக்கு, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது: கோடு ஏன் மறையுதுன்னு கணக்கு சொல்லுது, ஆனா ரெண்டு வழியில ஏன் கடைசில ஒரு குறிப்பிட்ட எடத்துல மட்டும் புள்ளி விழுதுன்னு கணக்கு சொல்லல, இங்க விழ இவ்ளோ வாய்ப்புன்னு மட்டும்தான் சொல்லுது.

பையனோட சை கதையும் இதுதான். ஷ்ரோடிங்கர் 1926 ஜனவரியில அந்த ஈக்வேஷன அனுப்பிட்டாரு, ஹைட்ரஜன் அணுவோட எனர்ஜி எல்லாம் டக்கு டக்குன்னு சரியா வந்துருச்சு, ஆனா சை-ன்னா என்னன்னு அவருக்கே தெளிவா இல்ல, எலக்ட்ரானோட சார்ஜ் மாவு மாதிரி பரவிக் கெடக்குதுன்னு ஒரு படம் வச்சிருந்தாரு. ஜூன் கடைசியில மேக்ஸ் போர்ன்தான் அது வாய்ப்பக் குறிக்குதுன்னு எழுதுனாரு, அதுலயும் ஸ்கொயர் பண்ணணும்ங்குற முக்கியமான விஷயத்த ப்ரூஃப் பாக்குறப்ப ஒரு அடிக்குறிப்பாத்தான் சேத்தாரு. அந்த அடிக்குறிப்புல இருந்த கருத்துக்கு 1954-ல நோபல் பரிசு. அதாவது ஆன்சர் சரியா வர்ற ஈக்வேஷன கையில வச்சுக்கிட்டு, அது எதைப் பத்திப் பேசுதுன்னு தெரியாம உலகத்தோட பெரிய மூளைங்களே அஞ்சு மாசம் திணறியிருக்காங்க. "அதனால உனக்குப் புரியலங்குறது கொறை இல்ல மாப்ள"ன்னு சொன்னேன்.

படத்த நம்பி கணக்கு போடாம விட்டா என்ன ஆகும்னும் ஒண்ணு சொல்றேன், சீக்கிரமா. எலக்ட்ரானுக்கு ஸ்பின்னு ஒரு குணம் இருக்குன்னதும் எல்லாரும் பம்பரம் மாதிரி சுத்துதுன்னு நெனச்சுக்குறாங்க. எலக்ட்ரானுக்கு கிளாசிக்கல் ரேடியஸ்னு ஒரு சைஸ் உண்டு, அந்த சைஸ்ல ஒரு உருண்டைய வச்சு, இருக்குற ஸ்பின் வரணும்னா எவ்ளோ வேகமா சுத்தணும்னு போட்டுப் பாத்தா அதோட மேற்பரப்பு ஒளிய விட 170 மடங்கு வேகத்துல ஓடணும்னு வருது. பம்பரம் அங்கயே விழுந்துருச்சு. ஸ்பின் இருக்கு, சுத்துற உருண்டை இல்ல.

இப்ப கஷ்டமான பகுதி. குவாண்டம் கணக்குக்கு ஒரு விளக்கம் மட்டும் இல்ல, பல விளக்கம் இருக்கு. கோபன்ஹேகன்காரங்க, அதாவது நீல்ஸ் போர் வழி வந்தவங்க, ஒண்ணு சொல்றாங்க, 1952-ல டேவிட் போம் எலக்ட்ரானுக்கு எப்பவும் ஒரு எடம் உண்டு, ஒரு அலை அதை வழிநடத்துதுன்னாரு, 1957-ல எவரெட் எல்லா முடிவும் நடக்குது, உலகம் கிளை பிரியுதுன்னாரு. சாதாரண சோதனைக்கு எல்லா விளக்கத்துலயும் ஒரே நம்பர்தான் வரும். இதைப் பாத்துட்டுத்தான் பல பேரு அர்த்தத்தப் பத்தி பேசுறது வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணாங்க. வாய மூடிட்டு கணக்கப் போடுங்குற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் ரொம்ப ஃபேமஸ், ஃபெய்ன்மன் சொன்னதுன்னு பரப்புறாங்க, உண்மையில 1989-ல டேவிட் மெர்மின் எழுதுனது, அதையும் அவரு அப்படி இருங்கன்னு உபதேசம் பண்ண எழுதல, அந்த மனப்பான்மை தனக்கு ஒத்துவரலன்னு சொல்றப்ப எழுதுனாரு.

அது வேஸ்ட்டு இல்லைங்குறதுக்கு ஒரு ஆளு போதும், ஜான் பெல்ங்குற ஃபிசிக்ஸ்காரர். அவரோட வேலைய நம்ம ஊரு சாமான வச்சு சொல்றேன். செவ்வாய்ப்பேட்டையில ஒரு வெள்ளிப் பட்டறையில ஒரு ஜோடி கொலுசு செஞ்சு, ஒண்ண சென்னைக்கும் ஒண்ண கோயம்புத்தூருக்கும் பார்சல் அனுப்புறாங்க. சென்னையில பிரிச்சுப் பாத்து மயில் டிசைன்னு தெரிஞ்சா, கோயம்புத்தூர்லயும் மயில்தான்னு அப்பவே சொல்லிரலாம். இதுல ஆச்சரியம் எதுவும் இல்ல, பட்டறையிலேயே முடிவானது. 1935-ல ஐன்ஸ்டீனும் கூட ரெண்டு பேரும், ஜோடி ஜோடியா பிரிஞ்சு போற துகள்களும் இப்படித்தான் இருக்கணும், முன்னாடியே முடிவானது நமக்குத் தெரியல, அவ்ளோதான்னு வாதாடுனாங்க. நீல்ஸ் போர் மறுத்தாரு. முப்பது வருஷம் இது தத்துவச் சண்டைன்னு எல்லாரும் ஒதுக்கி வச்சுட்டாங்க. 1964-ல பெல் என்ன பண்ணாருன்னா, சரி, கொலுசு மாதிரியே பட்டறையில முடிவாகியிருந்தா, பிரிச்சுப் பாக்குற விதத்த ரெண்டு ஊர்லயும் மாத்தி மாத்திப் பாத்தா ஒத்துப்போறதுக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கணுமேன்னு கணக்கு போட்டாரு. பின்னாடி 1969-ல வந்த வடிவத்துல அந்த வரம்பு 2. குவாண்டம் கணக்கு 2.83 வரைக்கும் போகலாம்னு சொல்லுது. க்ளவுசர், ஆஸ்பே, ஸைலிங்கர் இவங்கெல்லாம் அளந்தாங்க, 2 தாண்டிருச்சு, 2022-ல மூணு பேருக்கும் நோபல். பாருங்க, அர்த்தம் என்னன்னு கேட்ட கேள்விதான் அளக்கக்கூடிய ஒரு நம்பரா மாறுச்சு. அவரு அந்தக் கேள்விய விடாம மனசுல வச்சிருந்தாரு, அதோட அதை வார்த்தையில விட்டுராம கணக்காவும் மாத்துனாரு. டீக்கடை அண்ணன் இதைக் கேட்டுட்டு ரெண்டாவது டீய ஆத்தாமயே வச்சுட்டாரு.

நட்சத்திரங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ண நம்ம சந்திரசேகர் கதைய இங்க சொல்லாம இருக்க முடியல. சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சுட்டு 1930-ல 19 வயசுல கப்பல்ல இங்கிலாந்து போறப்ப, செத்த நட்சத்திரம் ஒரு அளவு எடைக்கு மேல இருந்தா தாக்குப் பிடிக்காதுன்னு கணக்கு போட்டாரு, இப்ப நாம சொல்றது சூரியன மாதிரி 1.4 மடங்கு. 1935 ஜனவரியில லண்டன் கூட்டத்துல எடிங்டன், அன்னிக்கு பெரிய பேரு உள்ளவரு, நட்சத்திரம் இப்படி அபத்தமா நடந்துக்காம தடுக்க இயற்கையில ஏதாவது சட்டம் இருந்தாகணும்னு எல்லார் முன்னாடியும் மறுத்தாரு. எடிங்டன் ரிலேட்டிவிட்டிய அவ்ளோ அழகா விளக்குனவரு, அர்த்தம் சொல்றதுல ராஜா. ஆனா அன்னிக்கு அவரு கணக்குல தப்பக் காட்டல, முடிவு அவருக்குப் பிடிக்கல. சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983-ல.

பையன் கேட்டான், "அப்போ நான் எப்படித்தான் படிக்கணும் மாமா?" நான் சொன்னது இவ்ளோதான். சம் போடுறதுக்கு முன்னாடி ஆன்சர் கூடுமா கொறையுமா, பெருசா சிறுசான்னு ஒரு ஊகத்த எழுதி வை. போட்டு முடிச்சதும் ஏதாவது ஒண்ண பூஜ்ஜியமாக்கிப் பாரு, உயரம் பூஜ்ஜியம்னா கடிகார வித்தியாசமும் பூஜ்ஜியம் ஆகுதா? அப்புறம் ஆன்சருக்கு கீழ ஒரே ஒரு வரி தமிழ்ல எழுது, அத்தைக்கு சொல்ற மாதிரி. அந்த வரியில இருக்க ஒவ்வொரு வார்த்தையையும் கை வச்சு, இது ஈக்வேஷன்ல எங்க இருக்குன்னு கேளு. இல்லாத வார்த்தைய அடிக்கணும்னு அவசியம் இல்ல, பென்சில்ல எழுதி வை, அது நீ சேத்தது, நாளைக்கு மாறலாம். கிராவிட்டி கம்மிங்குறது அப்படி வந்த வார்த்தைதான். வீடியோ பாக்குற அண்ணனுக்கும் இதேதான், திசை மட்டும் எதிர்ப்பக்கம்: ஒரு பெரிய வாக்கியம் காதுல விழுந்தா அதுக்கு அடியில என்ன நம்பர் இருக்குன்னு தேடுங்க.

சாயந்தரம் நாலரைக்கு எறங்குனோம். கடைசி வளைவு வர்றப்ப பின்னாடி இருந்து கேட்டான், "மாமா, நம்ம கையில இருக்க வாட்ச் மேல வேகமா ஓடுச்சுல்ல, இப்ப கீழ வந்துட்டோம், அந்த டைம் திரும்பிப் போயிருமா?" வண்டிய ஓரமா நிறுத்திட்டேன், அவ்ளோ நல்ல கேள்வி. கீழ வந்ததும் வேகம்தான் பழைய வேகத்துக்கு வரும், மேல இருந்தப்ப எண்ணுன எண்ணிக்கை எங்கயும் போகாது. நாங்க மேல இருந்தது ஆறு மணி நேரம், நாளுல கால் பங்கு, 11-ல கால் பங்கு போட்டா சுமார் 3 நானோ செகண்ட். அவன் அதைப் போட்டுட்டு, அடியில "நாங்க அம்மாவ விட 3 நானோ செகண்ட் கூட வாழ்ந்துட்டு வீட்டுக்கு வந்தோம்"னு பேனாவுலயே எழுதுனான், நான் ஒவ்வொரு வார்த்தையா சரிபாத்தேன், பென்சில் தேவைப்படல.